சேர்ந்து தாக்கல் செய்தால் யாருக்கு லாபம்? அமெரிக்க வரிப் படிவத்தில் திருமணமும் நிறமும்

கணவனும் மனைவியும் சேர்ந்து ஒரே வருமான வரிக் கணக்கைத் தாக்கல் செய்ய அனுமதிக்க வேண்டும் என்ற கோரிக்கை இந்தியாவில் மெல்ல வலுப்பெற்று வருகிறது. இந்தியப் பட்டயக் கணக்காளர் கழகம் 2025ஆம் ஆண்டு நிதிநிலை அறிக்கைக்கு முன்பாக ஒன்றிய அரசுக்கு அளித்த பரிந்துரைகளில் இதுவும் இடம்பெற்றது. நடுத்தரக் குடும்பங்களுக்கான நிவாரணம் என்ற பெயரில் முன்வைக்கப்படும் இக்கோரிக்கைக்கு ஆதரவாக எப்போதும் காட்டப்படும் முன்மாதிரி அமெரிக்கா. அங்கே அந்த முறை எப்படி வந்தது, யாருக்குப் பயன்பட்டது, யாருடைய உழைப்பைத் தண்டித்தது என்பதை ஆராயாமல் நாம் இதனை ஆதரிக்கவும் முடியாது, எதிர்க்கவும் முடியாது. இன்னொரு காரணமும் உண்டு. கல்வியின் வழியே அமெரிக்காவில் குடியேறியுள்ள தலித் தோழர்களின் குடும்பங்கள் ஒவ்வோர் ஆண்டும் ஏப்ரல் நடுப்பகுதிக்குள் இந்தக் கேள்விக்கு விடை எழுதியாக வேண்டியுள்ளது. எனவே முதலில் அங்குள்ள நடைமுறையை விளக்கிவிட்டு, பின்னர் நம் நாட்டுக்கு வருவோம்.

படிவத்தின் முதல் கேள்வி

அமெரிக்க வருமான வரிப் படிவத்தில் பெயர், முகவரியோடு கேட்கப்படும் முதன்மையான கேள்வி தாக்கல் நிலை பற்றியது. ஐந்து நிலைகள் உள்ளன: தனியர், கூட்டாகத் தாக்கல் செய்யும் தம்பதியர், தனித்தனியே தாக்கல் செய்யும் தம்பதியர், குடும்பத் தலைவர், துணையை இழந்து குழந்தையை வளர்ப்பவர். வரி அடுக்குகள், நிலையான கழிவு, குழந்தைகளுக்கான சலுகைகள் ஆகிய எல்லாமே இந்த ஒரு விடையைப் பொறுத்து மாறுகின்றன.

ஐந்து நிலைகள் இருந்தாலும் தேர்வு அவ்வளவு விரிவானதல்ல. டிசம்பர் 31 அன்று ஒருவர் சட்டப்படி மணமானவராக இருந்தால், அந்த ஆண்டு முழுவதும் மணமானவராகவே கருதப்படுவார். அன்று முதல் அவருக்குத் தனியர் என்ற நிலை இல்லை. கூட்டாகவா, தனித்தனியாகவா என்ற இரண்டில் ஒன்றையே அவர் தேர்ந்தெடுக்க முடியும். முக்கியமான ஒரு விலக்கு உண்டு. ஆண்டின் கடைசி ஆறு மாதங்கள் துணையோடு ஒரே வீட்டில் வாழாமல், தம் குழந்தையைத் தம்மோடு வைத்து, வீட்டுச் செலவில் பாதிக்கு மேல் தாமே ஏற்றவர், மணவிலக்குப் பெறாத நிலையிலும் குடும்பத் தலைவராகத் தாக்கல் செய்யலாம். கணவனால் கைவிடப்பட்டு, வழக்கு நடத்தப் பணமின்றி இருக்கும் பெண்களுக்கு இந்த விதி எவ்வளவு முக்கியமானது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

பெரும்பாலான தம்பதியர் கூட்டுத் தாக்கலையே தேர்கின்றனர். தனித்தனித் தாக்கலில் சட்டம் பல கதவுகளை அடைத்துவிடுவதே காரணம். கல்விச் செலவுக்கான வரிச் சலுகைகள், கல்விக் கடன் வட்டிக்கான கழிவு ஆகியவை தனித்தனியே தாக்கல் செய்வோர்க்குக் கிடைப்பதில்லை. குழந்தைகளைப் பகல்நேரக் காப்பகத்தில் விடும் செலவுக்கான சலுகையும் பொதுவாகக் கிடையாது. குறைந்த வருமானமுள்ள உழைப்பாளர்களுக்கான மிகப்பெரிய உதவியான ஈட்டிய வருமான வரிச் சலுகையும், சேர்ந்து வாழ்ந்துகொண்டே தனித்தனியாகத் தாக்கல் செய்பவர்களுக்கு மறுக்கப்படுகிறது. ஒருவர் செலவுகளைப் பட்டியலிட்டுக் கழிவு கோரினால் மற்றவரும் அவ்வாறே செய்தாக வேண்டும். அவருக்குப் பட்டியலிட ஒன்றுமில்லாவிட்டாலும் நிலையான கழிவை எடுத்துக்கொள்ள முடியாது.

இருப்பினும் தனித்தனித் தாக்கல் அறிவார்ந்த முடிவாகும் சூழல்கள் உண்டு. அரசின் கல்விக் கடனை வருமானத்திற்கேற்பத் திருப்பிச் செலுத்துபவர் கூட்டாகத் தாக்கல் செய்தால், துணையின் வருமானமும் சேர்த்து மாதத் தவணை கணக்கிடப்படும். தனியாகத் தாக்கல் செய்தால் அவருடைய வருமானம் மட்டுமே கணக்கில் வரும். கடனின்றிப் பட்டம் பெறும் வசதி தலைமுறைச் சொத்து உள்ள வீட்டுப் பிள்ளைகளுக்கே உண்டு என்பதால், இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டியவர்கள் பெரும்பாலும் முதல் தலைமுறைப் பட்டதாரிகள்தாம். ஒருவருக்குப் பெரும் மருத்துவச் செலவு நேர்ந்த ஆண்டிலும் தனித்தனித் தாக்கல் பயன் தரலாம். மருத்துவச் செலவு, வருமானத்தில் 7.5 விழுக்காட்டைத் தாண்டும் பகுதிக்கு மட்டுமே கழிவு உண்டு. ஒருவர் வருமானத்தை மட்டும் அளவாகக் கொண்டால் அந்த வரம்பு தாழ்ந்துவிடும்.

வழக்கறிஞர்கள் என்ற முறையில் நாம் மிகவும் அழுத்திச் சொல்ல விரும்புவது கையெழுத்தைப் பற்றி. கூட்டுத் தாக்கல் படிவத்தில் இருவரும் கையெழுத்திட வேண்டும். அந்தக் கையெழுத்தோடு அந்த ஆண்டின் வரி முழுமைக்கும் இருவரும் சேர்ந்தும் தனித்தும் பொறுப்பாகிறார்கள். கணவன் மறைத்த வருமானத்திற்கான வரியையும் வட்டியையும் தண்டத்தையும், மணவிலக்கு ஆன பின்னரும், மனைவியிடம் வசூலிக்க அரசுக்கு உரிமை உண்டு. 1998ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தம் 'குற்றமற்ற துணை' என்ற நிவாரணத்தை விரிவாக்கியது உண்மையே. ஆனால் தமக்குத் தெரியாது, தெரிந்திருக்கவும் வாய்ப்பில்லை என்று நிறுவும் சுமை விண்ணப்பிப்பவர் தோள்மீதுதான். குடும்ப வன்முறைக்கு ஆளாகும் பெண்ணிடம், 'சலுகை போய்விடும், கையெழுத்துப் போடு' என்று நீட்டப்படும் படிவம் சலுகைக் காகிதம் அல்ல. தனித்தனியாகத் தாக்கல் செய்த கணக்கைப் பொதுவாக மூன்று ஆண்டுகளுக்குள் கூட்டுக் கணக்காக மாற்றிக்கொள்ளலாம். கூட்டாகத் தாக்கல் செய்ததைக் கெடு நாள் கடந்த பின் பிரிக்க முடியாது. ஐயம் இருக்கும்போது எந்தப் பக்கம் சாய வேண்டும் என்பதற்கு இந்த ஒரு விதியே போதிய விடை.

இந்த முறை எங்கிருந்து வந்தது

1913இல் அமெரிக்காவில் இன்றைய வருமான வரி தொடங்கியபோது ஒவ்வொருவரும் தனி வரி செலுத்துநர். கூட்டுத் தாக்கலின் இன்றைய வடிவம் செல்வந்தக் கணவர்களின் வழக்குகளிலிருந்து பிறந்தது. வாஷிங்டன் உள்ளிட்ட சில மாநிலங்களில், மணவாழ்வில் ஈட்டியது இருவருக்கும் பொதுச் சொத்து என்ற சட்டம் இருந்தது. அங்கே கப்பல் கட்டும் நிறுவனம் ஒன்றில் உயர் பதவியில் இருந்த சீபார்ன் என்பவர், தம் வருமானத்தில் பாதி மனைவியுடையது என்று இரு கணக்குகளாகப் பிரித்துக் காட்டினார். அடுக்கு வரியில் ஒரு பெருந்தொகையை இரண்டாகப் பிரித்தால் வரி குறையும். 1930இல் உச்ச நீதிமன்றம் அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. அதே ஆண்டு, மனைவியோடு ஒப்பந்தம் எழுதிக்கொண்டு இதே பயனைக் கேட்ட ஏர்ல் என்ற வழக்கறிஞருக்கு அதே நீதிமன்றம் மறுத்துவிட்டது.

பிறகு நடந்தது வேடிக்கையானது. கணவர்களின் வரியைக் குறைப்பதற்காகவே சில மாநிலங்கள் தம் சொத்துரிமைச் சட்டங்களை மாற்றி, மனைவிக்குப் பாதிச் சொத்து என்று அறிவித்தன. பெண்ணுரிமைக்காகப் பல்லாண்டு போராடியும் கிட்டாதது, வரிச் சேமிப்புக்காக ஒரே கூட்டத்தொடரில் கிட்டியது. இந்தக் குழப்பத்தைத் தீர்க்க 1948இல் நாடாளுமன்றம், எல்லா மாநிலத் தம்பதியர்க்கும் வருமானத்தைச் சரிபாதியாகப் பிரித்ததாகக் கருதி வரி விதிக்கும் கூட்டுத் தாக்கலைக் கொண்டுவந்தது. அதிபர் ட்ரூமன் அந்த மசோதாவைத் தடை செய்தார். தடையை மீறி அது நிறைவேறியது.

1948இல் அமெரிக்காவில் எந்த வீட்டில் ஒருவர் மட்டும் கை நிறையச் சம்பாதித்து, மற்றவர் ஊதியமின்றி வீட்டில் இருக்க முடிந்தது? பெரும்பாலும் வெள்ளையினத்தவர் வீடுகளில். கறுப்பின ஆண்களுக்கு நல்ல ஊதியமுள்ள வேலைகள் மறுக்கப்பட்டதால், கறுப்பினப் பெண்கள் பிறர் வீடுகளிலும் வயல்களிலும் சலவையகங்களிலும் உழைத்தே குடும்பம் நடந்தது. கணவன், மனைவி ஊதியங்கள் ஏறத்தாழச் சமமாக இருக்கும் வீட்டில், கூட்டிச் சரிபாதியாகப் பிரிப்பதால் மிஞ்சுவது ஒன்றுமில்லை. ஒரு பக்கம் முழுதும் இன்னொரு பக்கம் சுழியும் உள்ள வீட்டில்தான் பிரிப்பது லாபம். சட்டத்தின் எந்த வரியிலும் நிறம் எழுதப்படவில்லை. எழுத வேண்டிய தேவையும் இல்லை.

1969இல், தனியர்கள் அதிக வரி கட்டுகிறார்கள் என்ற முறையீட்டை ஏற்று அவர்களின் வரி குறைக்கப்பட்டது. அதன் விளைவாக, சமமாகச் சம்பாதிக்கும் இருவர் மணந்துகொண்டால் முன்பைவிட அதிக வரி செலுத்தும் நிலை வந்தது. இதனையே அங்கு 'திருமணத் தண்டம்' என்கிறார்கள். ஒருவர் மட்டும் சம்பாதிக்கும் வீட்டுக்குக் கிடைப்பது 'திருமண ஊக்கம்'.

இந்தத் தண்டம் யார் மீது விழுகிறது என்பதை ஆய்வுலகின் முன் வைத்தவர்களில் முதன்மையானவர் டொரத்தி பிரௌன் என்ற கறுப்பினச் சட்டப் பேராசிரியர். நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில் குழாய்ப் பணியாளரான தந்தைக்கும் செவிலியரான தாய்க்கும் மகளாகப் பிறந்தவர். பெற்றோரின் வரிக் கணக்கைத் தாமே தயாரித்துக் கொடுத்து வந்தவர். இரண்டு எளிய ஊதியங்களுக்கு ஏன் இவ்வளவு வரி என்ற கேள்வியே அவரைப் பிற்காலத்தில் இந்த ஆய்வுக்கு இட்டுச் சென்றது. வரித்துறை இனவாரியான தரவுகளைத் திரட்டுவதே இல்லை என்பதால், வேறு புள்ளிவிவரங்களைக் கோத்து அவர் தம் வாதத்தை நிறுவ வேண்டியிருந்தது. 2021இல் வெளிவந்த அவருடைய 'தி ஒயிட்னஸ் ஆஃப் வெல்த்' என்ற நூல் சட்டக் கல்லூரி மாணவர்கள் தேடிப் படிக்க வேண்டியது.

மூன்று வீடுகள், மூன்று கணக்குகள்

2017ஆம் ஆண்டு வரிச் சீர்திருத்தத்திற்குப் பின் நிலைமை ஓரளவு மாறியுள்ளது. இன்று மிக உயர்ந்த வருமானங்களைத் தவிர மற்றவற்றில் தம்பதியருக்கான அடுக்குகள் தனியருக்கானவற்றின் சரியான இரு மடங்கு. ஆகவே தண்டம் ஒழிந்துவிட்டது என்று சொல்வோர் உண்டு. கணக்கைப் போட்டே பார்த்துவிடுவோம். 2025 வரி ஆண்டில் நிலையான கழிவு தனியருக்கு 15,750 டாலர், கூட்டாகத் தாக்கல் செய்வோருக்கு 31,500 டாலர், குடும்பத் தலைவருக்கு 23,625 டாலர்.

முதல் வீட்டில் கணவர் ஆண்டுக்கு 1,00,000 டாலர் ஈட்டுகிறார். மனைவிக்கு வருமானம் இல்லை. குழந்தைகளுக்கான சலுகைகளை இப்போதைக்கு ஒதுக்கிவைப்போம். அவர் தனியராக இருந்தால் வரி 13,449 டாலர். மணமாகிக் கூட்டாகத் தாக்கல் செய்தால் 7,743 டாலர். திருமணத்தால் மட்டும் 5,706 டாலர் மிச்சம். இரண்டாவது வீட்டில் இருவரும் ஆளுக்கு 50,000 டாலர் ஈட்டுகிறார்கள். தனித்தனியர்களாக இருந்தபோது இருவரும் சேர்த்துச் செலுத்தியது 7,743 டாலர். மணமாகிக் கூட்டாகத் தாக்கல் செய்தாலும் அதே 7,743 டாலர்தான். இரு வீட்டுக்கும் மொத்த வருமானம் ஒன்று, வரி ஒன்று. ஆனால் இரண்டாவது வீட்டில் இரண்டு பேர் வேலைக்குப் போகிறார்கள், இரண்டு பேருக்குப் போக்குவரத்துச் செலவு, குழந்தைக்குக் காப்பகச் செலவு. முதல் வீட்டில் மனைவியின் சமையலும் குழந்தை வளர்ப்பும் வரியில்லாத செல்வமாக வீட்டுக்குள்ளேயே தங்கிவிடுகின்றன.

முதல் வீட்டு மனைவி 30,000 டாலர் ஊதியத்தில் ஒரு வேலைக்குப் போனால் என்ன ஆகும்? தனியராக அவர் அந்த ஊதியத்திற்குச் செலுத்த வேண்டியது ஏறத்தாழ 1,470 டாலர். கூட்டுக் கணக்கில் குடும்பத்தின் வரி கூடுவது ஏறத்தாழ 3,755 டாலர். அவருடைய முதல் டாலர், கணவரின் கடைசி டாலருக்கு மேல் வைத்து அளக்கப்படுகிறது. 'நீ வேலைக்குப் போய் என்ன மிஞ்சப் போகிறது' என்று பெண்ணிடம் சொல்லப்படும் பழைய வசனத்திற்கு அரசே கணக்குப் போட்டுக் கொடுத்தது போல் இருக்கிறது இது.

ஏழை வீட்டுக்கு வருவோம். இங்கேதான் தண்டம் இன்னும் உயிரோடு இருக்கிறது. இரண்டு குழந்தைகளைத் தனியாக வளர்க்கும் ஒரு தாய் 25,000 டாலர் ஈட்டுகிறார். குடும்பத் தலைவர் என்ற நிலையில் அவருக்கு ஈட்டிய வருமான வரிச் சலுகையாக ஏறத்தாழ 6,800 டாலர் கிடைக்கும். இச்சலுகை வரியைக் கழித்தது போக மீதத்தைக் கையில் பணமாகவே தருவது. அவர் தம்மைப் போலவே 25,000 டாலர் ஈட்டும் ஒருவரை மணக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். கூட்டு வருமானம் 50,000 டாலர் ஆனதும் அச்சலுகை ஏறத்தாழ 3,040 டாலராகச் சுருங்குகிறது. குழந்தைக்கு 2,200 டாலர் வீதம் கிடைக்கும் குழந்தை வரிச் சலுகை உட்பட எல்லாவற்றையும் கூட்டிக் கழித்துப் பார்த்தால், மணமுடித்த ஆண்டில் இந்தக் குடும்பம் இழப்பது 3,600 டாலருக்கு மேல். தனித்தனியாகத் தாக்கல் செய்து தப்பிக்கலாம் என்றால் சலுகை முழுவதும் போய்விடும். ஆண்டுக்கு இலட்சம் டாலர் ஈட்டுபவர் திருமணம் செய்தால் ஊக்கம். இருபத்தையாயிரம் ஈட்டுபவர் செய்தால் அபராதம்.

இதே சலுகையைக் கோருவோர்தாம் தணிக்கைக்கும் அதிகம் ஆளாகிறார்கள். கறுப்பின வரி செலுத்துநர்கள் மற்றவர்களைவிட 2.9 முதல் 4.7 மடங்கு வரை அதிகமாகத் தணிக்கைக்கு உள்ளாவதாக ஸ்டான்போர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் உள்ளிட்ட குழு 2023இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. வரித்துறையின் ஆணையரே அந்த ஆண்டு இந்த வேறுபாட்டை ஒப்புக்கொண்டார். தணிக்கைக்கு ஆள் தேர்ந்தெடுக்கும் கணினி நிரலுக்கு யாருடைய நிறமும் தெரியாது. சிறு தொகைக்கான சலுகைகளைச் சரிபார்ப்பது எளிது, செலவு குறைவு என்று அதற்குச் சொல்லப்பட்டிருந்தது. அது போதுமானதாக இருந்தது.

அமெரிக்காவில் வாழும் இந்தியக் குடும்பங்களைப் பற்றி ஓரிரு சொற்கள். எச்-1பி விசாவில் இருப்பவரின் துணைக்குப் பெரும்பாலும் வேலை செய்யும் உரிமை இல்லாததால், அவ்வீடுகள் கட்டாயத்தால் முதல் வகை வீடுகளாகின்றன. கூட்டுத் தாக்கல் அவர்களுக்கு லாபமே. துணை இந்தியாவிலேயே இருந்தால் கவனம் தேவை. அவரையும் அமெரிக்கக் குடியிருப்பாளராகக் கருதக் கோரிக் கூட்டாகத் தாக்கல் செய்யலாம். ஆனால் அப்போது அவருடைய இந்திய ஊதியமும் வங்கி வட்டியும் அமெரிக்க வரிக் கணக்கில் வந்துவிடும். குழந்தைக்குச் சமூகப் பாதுகாப்பு எண் இல்லையென்றால் குழந்தை வரிச் சலுகை கிடையாது. சார்ந்திருப்போருக்கான 500 டாலர் சலுகைக்குத் தகுதி உண்டா என்று பார்க்க வேண்டும்.

இந்தியாவின் கூட்டுக் குடும்பம்

இந்திய வருமான வரிச் சட்டம் கணவனையும் மனைவியையும் தனித்தனி மனிதர்களாகவே பார்க்கிறது. பெண்ணின் ஊதியம் அவருடைய பெயரில், அவருடைய பான் எண்ணில், முதல் அடுக்கிலிருந்து கணக்கிடப்படுகிறது. கணவன் தன் பணத்தை மனைவி பெயரிலோ சிறு குழந்தை பெயரிலோ மாற்றி வரி தப்பிக்க முயன்றால் அந்த வருமானம் அவனுடைய கணக்கிலேயே சேர்க்கப்படும். மனைவியின் வருமானத்தைக் கணவனுடையதாகக் கருதிய பிரிட்டன் 1990இல் அந்த முறையைக் கைவிட்டது; சுவீடன் 1971இலேயே தனிநபர் முறைக்கு வந்துவிட்டது. இந்த ஒரு செய்தியில் நம் சட்டம் முன்னேறிய சட்டம்.

ஆனால் அதே சட்டத்திற்குள் இன்னொரு வாசல் இருக்கிறது. 1922ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்திலிருந்து இன்று வரை, பிரிக்கப்படாத இந்துக் கூட்டுக் குடும்பம் என்பது தனி வரி செலுத்துநர். அதற்குத் தனிப் பான் எண், தனி வரியில்லா வரம்பு, தனி அடுக்குகள். ஆண்டுக்கு 24 இலட்சத்துக்கு மேல் ஈட்டும் ஒருவருக்குக் குடும்பச் சொத்திலிருந்து 8 இலட்சம் வரிக்குரிய வருமானம் வருகிறது என்போம். அதைத் தம் கணக்கில் காட்டினால் 30 விழுக்காட்டில் 2,40,000 ரூபாய் வரி. கூட்டுக் குடும்பத்தின் பெயரில் காட்டினால் புதிய வரி முறையில் 20,000 ரூபாய்.

சட்டத்தின் எழுத்தில் இந்த வாசல் இந்து, பௌத்த, சமண, சீக்கியக் குடும்பங்கள் அனைத்துக்கும் திறந்திருக்கிறது. அண்ணலைப் பின்பற்றிப் பௌத்தம் தழுவிய குடும்பமும் இந்துச் சட்டத்தின் இந்தச் சலுகையைக் கோரலாம். எனினும் உள்ளே நுழையச் சாவி மூதாதையர் சொத்து. சொந்தச் சம்பாத்தியத்தை எடுத்துக் கூட்டுக் குடும்பத்தில் போட்டால் அதன் வருமானம் போட்டவர் கணக்கிலேயே சேர்க்கப்படும் என்று சட்டம் விதித்திருக்கிறது. வெள்ளையர் ஆட்சியில் வழங்கப்பட்ட பஞ்சமி நிலத்தையே பறிகொடுத்து, அதை மீட்க வருவாய்த்துறை அலுவலகங்களில் அலைந்துகொண்டிருக்கும் குடும்பத்திற்குக் கர்த்தா இருப்பார். கர்த்தா நிர்வகிக்கச் சொத்து இருக்காது. தலித் கிறித்தவருக்கு அந்த எழுத்தளவு உரிமையும் கிடையாது. 1950ஆம் ஆண்டு குடியரசுத் தலைவர் ஆணை அவரைப் பட்டியலினத்திலிருந்து விலக்கியது. இங்கே தனியுரிமைச் சட்டம் விலக்குகிறது.

இந்தக் கூட்டுக் குடும்பச் சொத்துமுறையை மாற்றவே அண்ணல் அம்பேத்கர் இந்துச் சட்டத் தொகுப்பு மசோதாவில் முயன்றார். பிறப்பால் உண்டாகும் கூட்டுரிமைக்குப் பதில் ஒவ்வொருவருக்கும் தனிப் பங்கு என்பது அதன் அடிப்படைகளுள் ஒன்று. மசோதா முடக்கப்பட்டதை முதன்மைக் காரணங்களில் ஒன்றாகக் கூறியே 1951இல் அவர் அமைச்சர் பதவியைத் துறந்தார். மாகாண நிதியின் வளர்ச்சி குறித்து 1925இல் நூல் வெளியிட்ட பொருளியல் அறிஞர் அவர் என்பதை நாம் அடிக்கடி மறந்துவிடுகிறோம். கேரளம் 1975ஆம் ஆண்டுச் சட்டத்தால் தன் எல்லைக்குள் இந்துக் கூட்டுக் குடும்ப முறையையே ஒழித்தது. 2018இல் சட்ட ஆணையம் தன் ஆலோசனை அறிக்கையில் இந்த வரிநிலையை நீக்குவதே பொருத்தம் என்றது. அது இன்னும் நீக்கப்படவில்லை.

இந்தப் பின்னணியில்தான் தம்பதியர் கூட்டுத் தாக்கல் என்ற கோரிக்கையை எடைபோட வேண்டும். 2025-26ஆம் ஆண்டுப் புதிய வரி முறையில் 12 இலட்சம் வரை வரிக்குரிய வருமானமுள்ள தனிநபர் தள்ளுபடியால் வரி செலுத்துவதில்லை. கணவனும் மனைவியும் ஆளுக்கு 12 இலட்சம் ஈட்டும் இரண்டு ஆசிரியர்கள் என்றால், அந்த வீட்டின் வரி சுழி. ஒருவரே 24 இலட்சம் ஈட்டி மற்றவர் வேலைக்குப் போகாத வீட்டில் வரி 3 இலட்சம் ரூபாய், மேல்வரி தனி. தம்பதியருக்கு எல்லா வரம்புகளையும் இரு மடங்காக்கிக் கூட்டுத் தாக்கல் கொண்டுவந்தால் இரண்டாவது வீட்டுக்கு 3 இலட்சமும் மிச்சமாகும். ஆசிரியர் வீட்டுக்கு ஒரு ரூபாயும் கூடுதலாகக் கிடைக்காது. ஒரு தூய்மைப் பணியாளர், ஒரு அங்கன்வாடி ஊழியர் என்று இருவரும் உழைக்கும் வீடு இந்தக் கணக்குக்குள் வருவதே இல்லை. அவர்கள் வருமான வரிக்குக் கீழே நின்று, கடையில் வாங்கும் ஒவ்வொரு பொருளுக்கும் ஜி.எஸ்.டி. செலுத்துகிறார்கள்.

வேலைக்குப் போகாத மனைவி என்பது நம் சமூகத்தில் எந்த வீடுகளின் வழக்கம் என்பதை விளக்க வேண்டியதில்லை. பெண்ணை வெளியே அனுப்பாமல் இருப்பது சாதிப் பெருமையின் அடையாளமாக இருந்த வீடுகளும் இருந்தன. நடவுக்கும் கட்டட வேலைக்கும் பெண் போகாவிட்டால் அடுப்பு எரியாத வீடுகளும் இருந்தன. முதல் வீட்டுக்குப் பரிசு கொடுக்கும் ஒரு வரி முறையை, சாதி என்ற சொல்லே இல்லாத மொழியில் எழுதிவிடலாம். 1948இல் அமெரிக்காவில் செய்தது போல.

கூட்டுத் தாக்கலை ஆதரிப்போர் சொல்லும் ஒரு நியாயத்தை நாம் ஒதுக்கிவிட முடியாது. வீட்டில் குழந்தை வளர்க்கும், முதியோரைப் பேணும் பெண்ணின் உழைப்புக்கு மதிப்பு வேண்டும் என்கிறார்கள். சரியே. ஆனால் அந்த மதிப்பு கணவனின் வரிக் கழிவாக ஏன் வர வேண்டும்? தமிழ்நாட்டில் 2023 முதல் மகளிர் உரிமைத் தொகை மாதம் 1,000 ரூபாய் பெண்ணின் வங்கிக் கணக்குக்கே செல்கிறது. அதன் தொகை, தகுதி விதிகள் பற்றி நமக்கு விமர்சனங்கள் உண்டு. பணம் யார் கைக்குப் போகிறது என்பதில் அது சரியான திசையில் இருக்கிறது.

அமெரிக்காவில் டொரத்தி பிரௌன் தடுமாறிய இடம் தரவு. இந்திய வருமான வரிப் படிவமும் சாதியைக் கேட்பதில்லை. வரிச் சலுகைகளால் ஒவ்வோர் ஆண்டும் விட்டுக்கொடுக்கப்படும் வருவாய் எந்தச் சமூகப் பிரிவுக்குப் போகிறது என்று நிதிநிலை ஆவணங்களில் காண முடியாது. ஆயினும் ஒன்றிய அரசின் உழைப்பாளர் கணக்கெடுப்பு ஒவ்வொரு வீட்டின் சமூகப் பிரிவையும், அவ்வீட்டு உறுப்பினர் ஒவ்வொருவரின் வேலையையும் ஊதியத்தையும் பதிவு செய்கிறது. ஒருவர் சம்பாதிக்கும் வீடுகளும் இருவர் சம்பாதிக்கும் வீடுகளும் பட்டியலினத்தவரிடையிலும் பிறரிடையிலும் எப்படிப் பரவியுள்ளன என்று அதிலிருந்து கணக்கிடப் பொருளியல் மாணவர்களால் முடியும். கூட்டுத் தாக்கல் குறித்த மசோதா எதுவும் வருவதற்கு முன்பே அந்தக் கணக்கு நம் கையில் இருக்க வேண்டும். நிலைக்குழு கருத்துக் கேட்கும்போது மனுவோடு இணைக்க அதுவே முதல் ஆவணம்.